நல்ல ரத்தம் கொடுத்த கல்லி

தாராவி,
பிப்ரவரி 8.

அன்புள்ள மாலதி மதினிக்கு,

உங்கள் தம்பி மனைவி வடிவு எழுதுவது. இங்கே அத்தையும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம் என்றால் பொய் இல்லை. அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது அல்லவா? நீங்கள் பம்பாயில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று உங்கள் தம்பி கேலி செய்வார். அதனால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். கோபத்தில் பெரிதாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமும் இருக்கிறது, அது வேறு.

வீட்டுச் சங்கதி சொல்கிறேன். அத்தைக்கு மூட்டுவலி அதிகம். மாடி ஏணியில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். மேல் அறையில் நான் மட்டும் படுத்துக்கொள்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை மறுபடியும் மாற்றிவிட்டார்கள், இருட்டோடு எழ வேண்டியிருக்கிறது. முகைதீன் பாயின் தோல் பை தைக்கிற பட்டறைக்கு நானே வேலைக்குப் போகிறேன். ஜிப் தைக்கிற பக்கம் உட்கார வைத்திருக்கிறார். தோல் வெட்டுகிற மேஜையில், உங்கள் தம்பி நின்ற இடத்தில், பீகார்க்காரர் ஒருவர் நிற்கிறார். நல்ல மனுஷன்தான். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அஸ்ரின். உங்களோடு செம்பூர் லேப்பில் வேலை பார்த்த மாஹிம் பெண். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். அத்தை வா என்றுகூடச் சொல்லவில்லை. நான்தான் ஸ்டூலைப் போட்டேன். பாவம், அழுதுகொண்டே பேசினாள். நீங்கள் வேலையை விடும்போது, இந்த டெஸ்டை நம்பக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். அதனால் எலிக்காய்ச்சல் டெஸ்ட் வேலையையே மூடப் போகிறார்களாம். மார்ச் கடைசியில் அந்தப் பெரிய ஃப்ரீசரைக் காலி செய்கிறார்கள். அதற்குள் உங்கள் தம்பியின் ரத்தம் இருக்கிறதாம், இரண்டு சின்னக் குப்பிகளில். ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் வைத்து நீங்கள் எடுத்தது. இன்னொன்று ஆஸ்பத்திரியில் எடுத்து உங்களுக்குக் கொடுத்தது.

மதினி, இதைக் கேட்டதும் சுவரில் இருக்கிற போட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். எரித்தாயிற்று, சாம்பலைக் கரைத்தாயிற்று, போட்டோவுக்கு மாலை போட்டாயிற்று. எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். செம்பூரில் ஒரு ஃப்ரீசரில் அந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறார் என்றால் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

குடும்பத்தார் சரி என்றால் வைத்திருப்பார்களாம். வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரிக் குப்பையோடு சேர்த்து எரித்துவிடுவார்களாம். யார் சொல்ல வேண்டும் என்றேன். நீங்கதான் அக்கா, உங்க வார்த்தைதான் வேணும் என்றாள். அந்தக் குப்பிகள் ஏன் முக்கியம் என்றும் சொன்னாள். எலிக்காய்ச்சல் என்று பிற்பாடு நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் முதல் வாரத்து ரத்தம் அவர்களிடம் வேறு இல்லையாம். டெஸ்டைத் திருத்த வேண்டுமானால் அதை வைத்துத்தான் திருத்த முடியுமாம். திருத்துவதற்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? போன ஜூலையில் பட்டறைக்குள் வெள்ளம் வந்தது. காலில் கத்தி பட்ட காயத்தோடு, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோல் சுருள்களை மேலே ஏற்றினார். காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, அவர் ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்து, ரத்தம் எடுத்துப் போனீர்கள். மறுநாள் போனில், எலிக்காய்ச்சல் இல்ல வடிவு, கோட்டுக்குக் கீழதான் இருக்கு, பயப்படாத என்றீர்கள். நானும் பயப்படவில்லை. எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வேறு மாத்திரை எழுதட்டுமா என்று நாக்கா முக்கு டாக்டர் கேட்டபோது உங்கள் தம்பி மார்தட்டினார். எங்க அக்கா டெஸ்ட் பண்ணி இல்லைன்னுட்டா டாக்டர், அவ படிச்சவ என்றார். டாக்டரும் காய்ச்சல் மாத்திரையோடு விட்டுவிட்டார். பிறகு கண் மஞ்சளானது. மூத்திரம் நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல்தான், தாமதம் என்றார்கள்.

அவர் உடலைக் கொண்டுவந்த அன்றைக்கு நம் கல்லிச் சந்து முழுக்கக் கூடி நின்றபோது நான் உங்களைப் பார்த்து என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். பதினாறாம் நாள் முடிந்ததும் கோயம்புத்தூர் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது அஸ்ரினுக்கு நான் என்ன பதில் சொல்ல? வைத்திரு என்று சொன்னால் யாருக்காக வைத்திருப்பது? எரி என்று சொன்னால், அந்த மனுஷனை நான் இரண்டாம் முறை எரிக்க வேண்டுமா?

பதில் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
சண்முகவடிவு.


கோயம்புத்தூர்,
மார்ச் 1.

அன்புள்ள வடிவு,

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன், கண்ணன் சொன்னது சரி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் தமிழ் காரணம் இல்லை.

நீ கத்தியதில் தப்பு இல்லை. நான் உன்னை பிளாக் செய்தது கோபத்தில் இல்லை. உன் பெயர் போனில் வரும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன், அதனால்.

உனக்கு ஒரு விளக்கம் நான் கடன்பட்டிருக்கிறேன். கண்ணனுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். எலிக்காய்ச்சல் கிருமியை லேப்பில் வளர்ப்பது கஷ்டம், ஆபத்தும் கூட. அதனால் அந்தக் கிருமியின் மேல் தோலில் இருக்கும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதைச் செய்வதற்கான குறிப்பை, தீங்கு செய்யாத வேறு பாக்டீரியா ஒன்றுக்குள் வைத்து, அதைக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்யவைத்தோம். கண்ணன் அதைக் கிருமியின் சட்டைப் பொத்தான் என்பான். கிருமியோடு சண்டை போட்ட ரத்தத்தில் அந்தப் பொத்தானை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருள் இருக்கும். பிடித்தால் தட்டில் நிறம் ஏறும். அவ்வளவுதான் டெஸ்ட்.

எவ்வளவு நிறம் ஏறினால் நோய் என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். அந்த நோய் வராதவர்களின் ரத்தத்தை வைத்துத்தான் கோடு போடுவோம். மாட்டுங்கா காலேஜ் பிள்ளைகளின் ரத்தம் போதும் என்றார்கள். தாராவியில் விற்கப் போகிற டெஸ்டுக்குத் தாராவி ரத்தம் வேண்டும் என்று நான்தான் சண்டை போட்டேன். அதற்குத்தான் வெள்ளத்துக்கு முந்தின வருஷத் தீபாவளி மாதம் நம் கல்லிக்கு வந்து எல்லோரிடமும் எடுத்தேன். அது சரியான வேலை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நல்ல ரத்தத்திலேயே நிறம் ஏறியது. புரதத்தில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தேன். நிறம் குறையவில்லை. நம் மக்களின் ரத்தமே இப்படித்தான் போல என்று முடிவு செய்து, கோட்டை உயரே போட்டேன். கண்ணன் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டான்.

எங்கே தவறினேன் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. தெரிந்த தவறு என்றால் திருத்தலாம். என்ன தவறு என்றே தெரியாத கை மறுபடியும் அதையே செய்யும். சோதனை முடியாத டெஸ்டின் நம்பரை வீட்டில் சொல்லியிருக்கவும் கூடாது. எங்கள் விதிப்படி அது தப்பு. தம்பி என்பதால் சொன்னேன். யாரோ ஒருவராக இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவர் பிழைத்திருப்பார்.

குப்பிகளை அழிக்கச் சொல்லிவிடு. நான் இனி ரத்தத்தைத் தொடப் போவதில்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், பரீட்சைத் தாள் திருத்துகிறேன். அதில் யாரும் சாவதில்லை.

அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள். உன்னையும்.

மாலதி.


தாராவி,
மார்ச் 14.

அன்புள்ள மாலதி மதினிக்கு,

வடிவு எழுதுவது. கடிதமும் தைலமும் வந்தன. தைலத்தை அத்தை தொடவில்லை. அலமாரியில் நீங்கள் கொடுத்த எவர்சில்வர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்க்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் வீம்பில் ஒரு சுற்றுக்கூடக் குறைவில்லை.

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல ரத்தத்திலேயே நிறம் ஏறியது என்ற வரி வந்ததும், போதும் நிறுத்துளா என்றார்கள். எழுந்துபோய் அடுப்பில் காலிச் சட்டியை வைத்துக் கரண்டியால் கிண்டிக்கொண்டு நின்றார்கள். நானும் அந்த இடத்தில்தான் கடிதத்தை மடித்து வைத்தேன். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குத் தெரியும் மதினி. அத்தைக்குத் தெரியும். இந்தக் கல்லிக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. ஏனென்றால் உங்களிடம் மறைக்கத்தான் எல்லோரும் கூடினோம்.

இதை எழுத எனக்கு மனசே இல்லை. போய்ச் சேர்ந்தவர்மேல் பழி போடுகிற பெண்டாட்டி என்ற பெயர் எனக்கு எதற்கு? உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தினமும் பேனாவை எடுப்பேன், போட்டோவைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சொல்லாமல் விட்டால் அவர் பெயர் சுத்தமாக இருக்கும். நீங்கள் அங்கே பரீட்சைத் தாள் திருத்தியே வீணாகப் போவீர்கள். இரண்டில் எது வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். போட்டோவில் எப்போதும் போல இளித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ரத்தம் எடுக்கச் சங்கத்து அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்களே, முதல் நாள் எதிர் வரிசை ஏஞ்சலம்மாள் வந்தார்கள். இந்த மழைக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டீர்கள். ஆமா, ஆகஸ்டுல படுத்துக் கெடந்தேன், கண்ணெல்லாம் செவந்து போச்சு என்றார்கள். நீங்கள் மரியாதையாகத்தான் டீ கொடுத்து, உங்களுடையது இப்போது வேண்டாம் அக்கா என்று அனுப்பினீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் குழாயடியில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஏஞ்சலம்மா ரத்தம் வேண்டாம்னுட்டாளாம் மாலதி, கெட்ட ரத்தமாம். அவர்கள் மகள் கிளாராவைப் பெண் பார்க்க வடாலாவிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு நீங்கள் நன்றிக்காகக் கொடுத்த டப்பாவை, நல்ல ரத்த டப்பா என்று பெயர் வைத்து வாசலில் தெரிகிற மாதிரி அடுக்கினார்கள். எந்த வீட்டில் டப்பா இல்லையோ அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் வரிசை நின்றது, அல்லவா? எல்லாரும் தீபாவளிச் சேலையில். நம் ஆட்கள் ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்று நீங்கள் பூரித்துப்போனீர்கள். வாசலில் வரிசையைப் பார்த்துக்கொண்டவர் யார்? உங்கள் தம்பி. உள்ளே என்ன கேப்பாக என்று ஒவ்வொருவரும் அவரிடம் கேட்டார்கள். அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

காய்ச்சல் வந்துச்சான்னு கேப்பாங்க. ஒண்ணும் வரலன்னு சொல்லிருங்க. எங்க அக்கா நம்ம ஆளுக ரத்தத்த வச்சு மொத மொதல்ல ஒண்ணு பண்ணுதா. ஆள் கொறஞ்சுச்சுன்னா அவ பேரு கெட்டுரும்லா.

இதுதான் மதினி. இதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். ஒவ்வொருவரிடமும் சொன்னார். முகைதீன் பாய் பட்டறையில் அந்த மழைக்குக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எல்லோரையும் அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். உங்கள் அம்மாவும் அந்த வரிசையில் இருந்தார்கள். கணபதி பண்டிகை சமயம் அத்தை காய்ச்சலில் படுத்து, தொடை வலி தாங்காமல் அழுதார்கள். உங்களுக்கு வேலை நெருக்கடி என்று சொல்லவில்லை. நீங்கள் வந்த ஞாயிறுகளில் பவுடர் போட்டு உட்கார வைத்தோம். பிறகு உங்கள் முன்னால் கையை நீட்டியபோது, எங்கம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வராது என்றார் உங்கள் தம்பி. நீங்கள் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். இதில் என்ன வந்துவிடப் போகிறது, ஒரு சொட்டு ரத்தம்தானே என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அஸ்ரினிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். அந்த மழைக்குக் காய்ச்சல் வந்தவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இருக்குமாம், ஆள் நன்றாக நடமாடினாலும் இருக்குமாம். அப்படியானால் நிறம் ஏறத்தானே செய்யும்? உங்கள் புரதத்தில் அழுக்கு இல்லை மதினி. பொத்தானைப் பிடிக்க வேண்டிய ரத்தம்தான் பிடித்தது. அந்த ஆட்களை நீக்கிவிட்டால் கோடு கீழே இறங்கும் என்றாள். இறங்கினால் இவர் எங்கே நிற்பார் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். சொல்லு என்றேன். மேலேதான் அக்கா, தெளிவாவே மேலே என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாய்விட்டுத் திட்டினேன், பக்கத்து சீட்டு அம்மா எழுந்துபோய்விட்டாள். அக்கா அக்கா என்று உருகி, அக்காவின் டெஸ்டையும் கெடுத்து, தன் உயிரையும் விட்டு, என்னையும் நடுத்தெருவில் விட்ட மனுஷனை வேறென்ன செய்ய? உங்களையும் திட்டினேன். கேள்வி கேட்கிற இடத்தில் சொந்தத் தம்பியையா வாசலில் நிறுத்துவார்கள்? வேறு ஆளை நிறுத்தியிருந்தால் நாலு பேராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள். எங்களைத் தெரியாத ஒருத்தி வந்து கேட்டிருந்தால் எல்லோரும் சொல்லியிருப்போம். நீங்கள் கேட்டதால்தான் பொய் சொன்னோம்.

அஸ்ரின் என்னை லேப்புக்குள் கூட்டிப்போய் அந்தக் குப்பிகளைக் காட்டினாள். அனுமதி வாங்கித்தான். கையுறை போட்டு, புகை மாதிரி குளிர் வருகிற பெட்டியிலிருந்து எடுத்தாள். சிவப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒன்று வெளிர் மஞ்சள். இன்னொன்று நல்லெண்ணெய் மாதிரி கடும் மஞ்சள். சிவப்பைத் தனியே பிரித்துவிடுவார்களாம். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. பெயரும் இல்லை, நம்பர்தான். தொடலாமா என்றேன். கூடாது என்றாள், கை சூட்டில் கெட்டுவிடுமாம். அதனால் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன்.

அதற்குப் பிறகு ஏஞ்சலம்மாள் வீட்டுக்குப் போனேன். கிளாராவுக்கு உல்லாஸ்நகரில் கல்யாணமாகி இப்போது முழுகாமல் இருக்கிறாள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்கள். உண்மையச் சொன்னவ ரத்தம் கெட்ட ரத்தம், பொய் சொன்னவளுக ரத்தம் நல்ல ரத்தமாளா? அதுக்கு டப்பா வேறயா? கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, உள்ள வா, நிக்காத என்றார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் முக்காடு போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்கள். வீடு வீடாகப் போனோம். எனக்குப் பேச்சு வராத இடத்தில் அவர்கள் பேசினார்கள். கண்ணன் செத்தது எதனால தெரியுமா, நம்ம நல்ல ரத்தத்தால என்று நேராகப் போட்டு உடைத்தார்கள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் டப்பாவைத் தூக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, எங்களுக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ என்று அழுதாள். பட்டறை ஆட்கள்தான் முதலில் ஒத்துக்கொண்டார்கள். மறுபடியும் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்கிறோம் என்கிறார்கள். காய்ச்சல் வந்தது, வந்த மாதம், தின்ற மாத்திரை எல்லாம். ஆனால் யார் வந்து கேட்பது?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை தானாகவே சொன்னார்கள். எம் மவன் சொன்னதத்தான நானும் சொன்னேன், எம் மவளுக்கு நல்லதுன்னுதான சொன்னேன் என்று. தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்கள். உங்களோடு பேசாமல் இருப்பது உங்கள்மேல் உள்ள கோபத்தால் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க அத்தைக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மதினி, அன்று நான் கத்தியதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி எழுதி அடித்துவிட்டேன். உங்கள்மேல் தவறே இல்லை என்று எழுதினால் அது பொய். வீட்டில் நம்பரைச் சொன்னது நீங்கள்தான். உங்கள்மேல்தான் எல்லாம் என்றால் அது அதைவிடப் பெரிய பொய். பொய் சொல்லி ஒரு ஆளை இழந்தாயிற்று. வந்தால் கூட்டாஞ்சோறு ஆக்கி வைக்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்வார். அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆறு மாதமாக நீங்கள் அங்கே தெரியாத தவறை நினைத்துத் தூங்காமல் இருந்தீர்கள். இதோ, தெரிந்துவிட்டது. தெரிந்த தவறு என்றால் திருத்தலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குப்பிகளை எரிக்கச் சொல்ல மாட்டேன். சும்மா வைத்திருக்கவும் சொல்ல மாட்டேன், அது என்ன சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளா? பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அஸ்ரினிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் தீர்ந்துபோகும் என்றாள். தீரட்டும் என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதேன், அது வேறு விஷயம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். முதல் மூடியை நீங்கள்தான் திறக்க வேண்டும். மார்ச் முடிகிற வரை காத்திருப்பதாக மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். வேறு யார் திறந்தாலும் அது ஒரு நம்பர். நீங்கள் திறந்தால் உங்கள் தம்பி.

இந்த வருஷமும் மழை வரும். பட்டறைக்குள் தண்ணீர் வரும். அந்த பீகார்க்காரர் காலிலும் கத்தி படாமலா இருக்கிறது?

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். சொன்னபடியே எழுதுகிறேன். எம்மா மாலதி, நல்லா இருப்ப, நீ வந்து எங் கையப் பிடிச்சுக் கேளு, காய்ச்சல் வந்துச்சாம்மான்னு கேளு, இந்தத் தடவ ஆமான்னு சொல்லுதேன்.

மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள் மதினி.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
வடிவு.